வாசலுக்கு வரி

மே 19, திங்கள்

இல்லாத வீட்டுக்கு வரி கட்டச் சொல்லி நகராட்சியில் இருந்து சீட்டு வந்திருக்கிறது. காங்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு, அறுநூற்று நாற்பது சதுர அடி, சொந்தக் குடியிருப்பு என்று அச்சடித்திருக்கிறார்கள். உரிமையாளர் பெயர் காளியப்பன், என் வீட்டுக்காரர். செத்துப்போனவர் பெயரில், கட்டாத வீட்டுக்கு வரி. ஏசி ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் செய்கிற வேலை இது.

அது வெறும் மனை. குமரன் கார்டனில் முப்பத்தோராம் நம்பர். அதில் இருப்பது ஒரே ஒரு வாசக்கால். சுவர் கிடையாது, கூரை கிடையாது, அந்த வாசக்காலுக்கு ஒரு கதவுகூடக் கிடையாது. ஆனால் சீட்டில் கதவு எண் போட்டிருக்கிறார்கள்.

நகராட்சி ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிற ரபீக் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"முறையீடு போடலாம் தங்கச்சி. நான் எழுதித் தரேன். ஆனா நீங்க ஒண்ணு பண்ணோணும். இன்னையிலிருந்து எவன் என்ன சொன்னாலும் தேதி போட்டு எழுதி வையுங்க. நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லைம்பாங்க."

"நான் எட்டாவதுங்ண்ணா. அதுலயும் பாதியில நின்னுட்டேன்."

"அவங்களத் திட்டறதுக்கு எட்டாவது போதும்" என்றார்.

அதனால் எழுதுகிறேன். டைரி சிமெண்ட் கடை கொடுத்தது. தை மாசம் கொடுத்தனுப்பினார்கள். அட்டையில் 'காளியப்பன் மேஸ்திரி அவர்கள்' என்று ஒட்டியிருந்தது. அவர் போய் அஞ்சு மாசம் ஆகியிருந்தது கடைக்காரனுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தாள் நல்ல தாளாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

பனியன் கம்பெனியில் ஓவர்டைம். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, துணி சோப்பு, கோலமாவு.

மே 22, வியாழன்

நங்கையா கோலமாவுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்குடி இது?" என்று கேட்டாள். நங்கையா என்றால் அவருடைய அக்கா பாப்பாத்தி. எங்கள் வாடகைக் காம்பவுண்டிலேயே நாலாவது வீடு. "எறும்பு வருதுங்க, மூலைல போடறதுக்கு" என்றேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை. சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்புகிறவரைக்கும் வாசலில் கோலம் போடக்கூடாது என்று வீட்டுக்காரம்மா சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவள் இவள்தான். மற்ற எல்லா வாசலிலும் காலையில் கோலம் இருக்கும். என் வாசலில் மட்டும் ஈரத்தரை. யார் வந்து பார்த்தாலும் எந்த வீடு என்று கேட்காமலே தெரியும்.

அவருடைய செருப்பைக் காணோமே என்றும் கேட்டாள். யாரோ ஏழைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

மே 23, வெள்ளி

அரை நாள் சம்பளம் போச்சு. பில் கலெக்டர் பேர் லோகநாதன். சின்ன வயசு, தலையில் எண்ணெய் வழிகிறது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உரிமையாளர் வரோணுமுங்க."

"அவரு வரமாட்டாருங்க."

"ஊர்ல இல்லீங்களா?"

"உலகத்துலயே இல்லீங்க."

அப்புறம் நாற்காலியைக் காட்டினான். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல வரியக் கட்டிருங்க. கட்டிட்டு முறையீடு போடுங்க. தப்புன்னு தெரிஞ்சா அடுத்த அரையாண்டுல கழிச்சுக்கலாம்" என்றான்.

தப்பு அவன் செய்வானாம். பணத்தை நான் கட்ட வேண்டுமாம். தப்பு என்று அவனுக்கே தெரிந்த பிறகு கழிப்பானாம். நான் எழுந்து நின்று, "நீ மொதல்ல அந்த வீட்டுல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சு வா, அப்புறம் கட்டறேன்" என்று சத்தம் போட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா சோத்து டப்பாவை மூடிவிட்டுப் பார்த்தாள்.

லோகநாதன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, சத்தம் போடாதீங்க. லேசான வழி ஒண்ணு இருக்குது. அந்தக் கட்டையப் புடுங்கிப் போட்டுட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. நானே காலிமனைன்னு மாத்தித் தரேன். முறையீடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கட்டையாம்.

மே 24, சனி

கோபம் அடங்கவில்லை. அந்தக் கட்டையைப் பற்றி எழுதி வைக்கிறேன். மனுவுக்கு உதவும்.

அது வேங்கை மரம். பழைய வீடு ஒன்றை இடித்துக் கட்டுகிற வேலைக்குப் போனபோது அதைப் பார்த்துவிட்டு, ரெண்டு வாரக் கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கி வந்தார். மேலே நெற்றியில் தாமரைப்பூ கொத்தியிருக்கும். ரெண்டு வாரம் நான் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கினேன். அவர் காம்பவுண்டு சந்தில் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

யாராக இருந்தாலும் அஸ்திவாரம் எடுத்து, மட்டத்துக்குக் கட்டி, அப்புறம்தான் வாசக்கால் வைப்பார்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டின மேஸ்திரிக்கு இது தெரியாதா? ஆனால் போன வருசம் ஆனி கடைசி முகூர்த்தம் வந்துவிட்டது. அதை விட்டால் ஆடி. ஆடியில் வைக்கக்கூடாது. "பணம் வர்றப்ப வரட்டும் சிந்தாமணி, நல்ல நேரம் திரும்ப வராது" என்று சொல்லி, ரெண்டு குழி தோண்டி, காங்கிரீட் போட்டு, வெறும் மனையில் வாசக்காலை மட்டும் நிறுத்தினார். மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் வெள்ளிக்காசும் போட்டு. பக்கத்து மனைக்காரர்கள் வந்து சிரித்தார்கள். வீட்டுக்கு முந்தி வாசல் வந்துவிட்டது என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆடிப்பூரத்துக்கு மறுநாள், வேறொருத்தன் வீட்டு மூணாவது மாடிப் பூச்சு வேலையில் சாரம் சரிந்தது.

அவசரக்காரர். எல்லாத்துக்கும் அவசரம்.

மே 28, புதன்

மனு கொடுத்தாச்சு. முத்திரை வைத்து நகல் வாங்கினேன். முத்திரை மங்கலாக விழுந்திருந்தது. இன்னொரு தடவை குத்தச் சொன்னேன். குத்தினான்.

ஜூன் 2, திங்கள்

பதில் இல்லை. காலையில் சீக்கிரம் கிளம்பினேன். மழை தூறல். மாவு கரைந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

லோகநாதன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்களாம். அந்தக் கம்பெனி ஆள் எடுத்த படம் இருக்கிறது.

நான் திட்ட வாயைத் திறந்தேன். அப்புறம் திட்டவில்லை.

ரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே நேராக எடுத்திருக்கிறான். எங்கள் மனைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் முப்பத்திரண்டாம் நம்பர்காரர் வீடு இருக்கிறது. இன்னும் வெள்ளையடிக்காத சுவர், ஓரத்தில் ஒரு ஜன்னல். படத்தில் எங்கள் வாசக்கால் அந்தச் சுவரில் பொருத்தினது மாதிரியே நிற்கிறது. தாமரைப்பூ தெளிவாக விழுந்திருக்கிறது. முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம். ஓரத்தில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. வீடுதான். யார் பார்த்தாலும் வீடு என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வலது பக்கம் வைப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

"பாத்தீங்ளா? எங்க மேல தப்பில்லைங்க. மூணு தடவ போயிருக்கான். கீழ குறிப்பு எழுதியிருக்கான் பாருங்க" என்று லோகநாதனே வாசித்தான். "உள்ளே ஆள் இருக்கிறார். கூப்பிட்டும் வெளியே வரவில்லை."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தான்.

"செருப்பு கெடக்குது, கோலம் போட்டிருக்குது, ஆளு இருக்கறாங்கன்னுதானே எழுதுவான்? அது யாரு போட்ட கோலமுங்க?"

"எனக்கென்ன தெரியும்? எவளோ போட்டிருப்பா" என்றேன்.

அந்தப் படத்தை அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். ஆதாரத்துக்குத்தான். கலரில் வேண்டுமென்றால் வெளியே கடையில் என்றான். செல்லுக்கு அனுப்பி வாங்கி, கடையில் கலரில் எடுத்தேன்.

ரபீக் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது அவங்களுக்கு ஆதாரம், நமக்கு இல்ல. மனுவோட வெக்காதீங்க" என்றார். சரி என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். காசு கொடுத்து எடுத்ததை எறிய முடியுமா?

ஜூன் 11, புதன்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எவளோ போட்டிருப்பா என்று சொன்னதை லோகநாதன் கோப்பில் எழுதிவிட்டான். 'மேற்படி கட்டடத்தில் வேறு நபர் குடியிருப்பதாக மனுதாரரே தெரிவித்தார்' என்று.

இப்போது இல்லாத வீட்டில் இல்லாத ஒருத்தியைக் குடி வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவளுக்கு ரேஷன் கார்டு கொடுப்பார்கள்.

"குடியிருக்கறது யாருன்னு தெரியாம முறையீட்டத் தீர்க்க முடியாதுங்க. ஆய்வாளர் மேடம் நேர்ல வந்து பார்ப்பாங்க" என்றான். "எப்ப?" என்றேன். "வருவாங்க" என்றான். "அது தேதியா?" என்றேன்.

ரபீக் அண்ணன் என்னை நேராகப் பார்த்து, "கோலம் யாரு போடறா தங்கச்சி?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பிசிறு வெட்டும்போது பனியனில் ஓட்டை போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் கத்தினான். நானும் கத்தினேன்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதும்போது பேனா அழுந்தித் தாள் கிழிகிறது. கோபத்தில்தான்.

காலையில் மனைக்குப் போனால் அங்கே நங்கையா நிற்கிறாள். கூட ஆசாரி ஆறுச்சாமி, கையில் கடப்பாரை. வாசக்காலின் இடது காலடியில் மண்ணைக் கிளறிவிட்டார்கள். மரத்தில் ஒரு சில்லு பேர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் வாசக்காலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி" என்றாள் நங்கையா. "அந்த ஆபீசர் பையன் சொன்னதா நீதானே சொன்னே? புடுங்கிப் போட்டா வரி போயிரும். ஆறுச்சாமி மரத்துக்கு நல்ல வெல தரேங்கறான். அதைய வாங்கி காலிமனை வரியக் கட்டு."

"நீங்க ஆருங்க புடுங்கறதுக்கு?"

"நானா? அவனத் தூக்கி வளத்தவ. நீ வந்தது அதுக்கப்புறம்."

"தூக்கி வளத்தவ, அவரு வெச்சதப் புடுங்க கடப்பாரையோட வருவாளா?"

அப்போதுதான் அவள் மனசில் இருந்தது வெளியே வந்தது. "வீடே இல்லாத எடத்துல வாசலத் தொறந்து வெச்சான்டி! எதுக்குத் தொறந்து வெச்சான்? எது வந்து நொழைஞ்சுது பாத்தியா? ஒரு மாசம் தாங்குச்சா? இது நிக்கற வரைக்கும் எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். எனக்கு எரியலையா? சாரம் கட்டினவன் பழைய கயித்துல கட்டினான். அவன் வீட்டுக்குக் கடப்பாரையத் தூக்கிட்டுப் போனீங்களா? இந்த மரம் என்ன பண்ணுச்சு?"

ஆறுச்சாமி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி காங்கிரீட்ட நல்லாத்தான் போட்டிருக்காரு. இது லேசுல வராதுங்க. நான் இன்னொரு நாள் வரேன்" என்று கடப்பாரையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

நங்கையா திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்குப் போனாள். செருப்பை அவள் அதற்கு முன்னாலேயே பார்த்தாளோ என்னவோ, கேட்கவில்லை. நல்லவேளையாக அதன் மேலேதான் என் பையைப் போட்டிருந்தேன்.

நான் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. இன்னொரு நாள் என்று சொன்னவன் மத்தியானமே வந்தால்? தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு நாள் சம்பளம் போச்சு. கிளறின மண்ணைத் திரும்பத் தள்ளி மிதித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பேச்சு இல்லை. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் குடத்தை வைக்கிறாள். நானும் தள்ளி வைக்கிறேன். மகள் ஈரோட்டில் இருந்து போன் பண்ணி, "அத்தைகிட்ட சமாதானமாப் போம்மா" என்றாள். அவளிடமும் கத்திவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 2, புதன்

லோகநாதன் போன். நாளைக் காலை ஆய்வாளர் வருகிறாராம். மூணு வாரமாக வராத தேதி, வந்தால் ஒரு ராத்திரிக்குள் வருகிறது.

செருப்பை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் நான் பயந்த மாதிரி ஆகிவிடும்.

ஜூலை 3, வியாழன்

முழுக்க எழுதுகிறேன்.

நான் விடியும்போதே போய்விட்டேன். அவர்கள் வெயில் ஏறின பிறகு வந்தார்கள். ஆய்வாளர் அம்மா பேர் ஜெசிந்தா. லோகநாதன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவர்கள் இறங்கும்போதே ரோட்டோரம் ஆட்டோவில் நங்கையாவும் வந்து இறங்கினாள். காம்பவுண்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை.

வாசக்காலைச் சுற்றி வெட்டவெளி. எந்தப் பக்கமாகவும் நடந்து மனைக்குள் போகலாம். ஆனால் லோகநாதன் வாசக்கால் வழியாகத்தான் போனான், தலை இடிக்குமோ என்று குனிந்துகொண்டு. ஆய்வாளர் அம்மா கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, செருப்பை அந்த ஆம்பளைச் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, கீழ்க்கட்டையைத் தாண்டி உள்ளே போனார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான். காலடியில் நெருஞ்சி குத்திவிட்டது.

"நான் எதுக்குய்யா செருப்பக் கழட்டினேன்?" என்று லோகநாதனைக் கேட்டார்.

அவன் டேப்பைப் பிரித்தான். எதை அளப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அங்கேயும் இங்கேயும் நடந்தான். சிரிப்பு வந்திருக்க வேண்டும், எனக்கு வரவில்லை.

"சுவர் இல்லை, கூரை இல்லை. வீடு இல்லை. சரி" என்று எழுதிக்கொண்டார். "ஆனா வேற ஒருத்தர் அனுபவிக்கிறதா நீங்களே சொல்லியிருக்கீங்க. அதை நான் அப்படியே விட்டுட்டுப் போக முடியாதும்மா. நாளைக்கு ஒருத்தன் வந்து இது என் இடம், நான்தான் இருந்தேன், நகராட்சிக் கோப்புலயே இருக்குதுன்னு நிப்பான். அப்ப மனையும் உங்களுக்கு இல்ல. கோலம் யார் போடறது?"

நங்கையா என்னைப் பார்த்தாள்.

"செருப்பு யாரோடது?" என்றார் அந்த அம்மா.

"அது... ஆம்பளச் செருப்பு கெடந்தா எவனும் எடத்தை வளைக்க மாட்டானுங்க. அதுக்காகப் போட்டு வெச்சேன்."

"அப்ப நீங்க வெச்சதுதான்."

"ஆமாங்க."

"கோலம்?"

வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்குத் திடீரென்று எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. வண்டியை விட்டு இறங்காத அந்தக் கணக்கெடுப்புக்காரன் மேல், டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவன் மேல், வீட்டுக்காரம்மா மேல், நங்கையா மேல், அவர் மேல்.

"நான்தான் போட்டேன்! தெனமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து, தண்ணி தெளிச்சு, நான்தான் போடறேன். நான் குடியிருக்கற எடத்துல போடாதேன்னுட்டாங்க. சாவு வீடாம். சரி, அது அவங்க வீடு. இது என்ற வாசலு. இங்கயும் போடக்கூடாதா? என்ற வாசல்ல நான் போடாம எவ போடுவா?"

ஆய்வாளர் அம்மா எழுதுவதை நிறுத்தினார். லோகநாதன் மெல்ல, "மேடம், அவங்களே அவங்க வீட்டு வாசல்னு சொல்றாங்க..." என்றான்.

"வாசல்னுதான்டா சொன்னேன்! வீடு எங்க இருக்குது? காட்டு. காட்டினா நானும் உள்ள போயிப் படுத்துக்கறேன். உள்ள ஆளு இருக்கறாரு, கூப்பிட்டா வரலைன்னு எழுதி வெச்சிருக்கியே, நான் கூப்பிடலைன்னு நெனைச்சியா? நானும் தெனமும் வந்து நிக்கறேன். எனக்கே வரல, உன்ற ஆளுக்கு வந்துருவாரா?"

வாசக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஆய்வாளர் அம்மா குனிந்து நெருஞ்சியைப் பிடுங்கி எறிந்தார். பிறகு லோகநாதனைப் பார்த்து, "எழுதிக்க. மனுதாரரின் அனுபவத்தில் உள்ள வெறும் மனை. வேறு நபர் எவரும் இல்லை" என்றார்.

"இந்த வாசக்கால் இருக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"மரத்துக்கு வரி கிடையாதும்மா. நாலு சுவர் வரட்டும், அப்ப நானே வந்து போடறேன்." போகும்போது திரும்பி, "கோலத்த மட்டும் நிறுத்திக்கங்க. அடுத்த தடவை கணக்கெடுக்க வேற ஆளுக்கு விடுவாங்க. அவனும் வண்டிய விட்டு இறங்க மாட்டான்" என்றார்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் நங்கையா குத்தவைத்து உட்கார்ந்து அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி ஜோடியாக வைத்தாள். ஏழைக்குக் கொடுத்தியே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நிமிர்ந்து, இடது காலடியில் சில்லு பேர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டோவில் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். வேறு வண்டி இல்லை. பாதி வழி வந்த பிறகு, "எடது செருப்புல வாரு அறுந்து கெடக்குது. தெச்சு வெக்கத் தெரியாதா உனக்கு?" என்றாள்.

இப்போதும் குற்றம் கண்டுபிடிக்க அவளால்தான் முடியும்.

ஜூலை 9, புதன்

மனைக்குப் போகவில்லை. நேற்றும் போகவில்லை. முறையீடு முடிகிறவரைக்கும் சும்மா இரு என்றார் ரபீக் அண்ணன். கம்பெனிக்கு ரொம்ப முன்னாலேயே போய்க் கேட்டில் நிற்கிறேன். வாட்ச்மேன் என்ன அக்கா தூக்கம் வரலையா என்கிறான்.

ஜூலை 14, திங்கள்

ஆணை வந்துவிட்டது. ஆணையர் கையெழுத்து, பச்சை மை. கட்டட வரி ரத்து, கதவு எண் ரத்து, மனை எண் 31 காலிமனை எனத் திருத்தப்பட்டது. ரபீக் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். "டைரி எழுதினீங்களா? குடுங்க பாப்போம்" என்றார். கொடுக்கவில்லை. "நெறைய திட்டி வெச்சிருக்கேனுங்ண்ணா" என்றேன்.

காலிமனை வரியை அங்கேயே கட்டி ரசீது வாங்கினேன். லோகநாதன் எழுந்து நின்று கும்பிட்டான்.

ஜெயித்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து ஆணையைப் பீரோவில் வைக்கப் போனேன். அந்தக் கலர் படம் இருந்தது. தாமரைப்பூ, கோலம், செருப்பு, பின்னால் சுவர், ஜன்னல். இன்றைக்கு ரத்து பண்ணிவிட்டார்கள். கேட்டு வாங்கினவள் நான்தான்.

நங்கையா வந்து எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு?"

"ஆயிப்போச்சு. வெறும் மனைதான்னு எழுதிட்டாங்க."

"ம்" என்றாள். "நாளன்னைக்கு ஆனி முடியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது எனக்குத் தெரியாதாம்.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று விடியும்போது போனேன். பையில் மாவு எடுத்துப் போகவில்லை. சத்தியமாக எடுத்துப் போகவில்லை.

ரோட்டில் இருந்தே தெரிந்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருக்கிறது. கோலம் போட்டிருக்கிறது. சின்னக் கோலம் இல்லை, மனை அகலத்துக்கு. நடுவில் செம்மண், சுற்றிலும் காவி. வாசக்காலில் புது மாவிலை. பேர்ந்துபோன சில்லில் மஞ்சளைக் குழைத்து அப்பியிருந்தது. செருப்பில் இடது வார் தைத்திருக்கிறது. வேறு கலர் நூல்.

நங்கையா கல் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு.

"அந்த ஆபீசரம்மா போடக்கூடாதுன்னாங்க" என்றேன்.

"உன்னையத்தானே சொன்னா. என்னைய ஒண்ணும் சொல்லலையே."

கோலத்தைப் பார்த்தேன். கண் பற்றி எரிந்தது. வலது பக்கம் ஒரு வரிசை புள்ளி தப்பு. அதனால் கோலத்தின் கம்பி வளைந்து கோணல்மாணலாக ஓடுகிறது. இத்தனை வயசாகி ஒரு புள்ளி வைக்கத் தெரியவில்லை. அவரும் இப்படித்தான், அவசரம், அளக்காமல் ஆரம்பிக்கிறது. குடும்பமே அப்படி. திட்டிக்கொண்டே உட்கார்ந்து அவள் டப்பாவில் இருந்த மாவை எடுத்து அந்தப் பக்கத்தைச் சரி பண்ணினேன். அவளும் திட்டினாள். கம்பெனிக்கு லேட்.

மறுபடியும் எவனாவது வண்டியில் வந்து படம் எடுத்து வீடு என்று எழுதி வரி போட்டால், பாதியை அவள்தான் கட்ட வேண்டும். சாயங்காலம் போய் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடப் போகிறேன்.